தூங்காதே என்றது தலையணை

முன்னொரு காலத்தில் தேன்கரை நாட்டைக் கருணாகர பூபதி என்றொரு மன்னர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் காலையில் அவர் தலையில் எது முளைக்கிறதோ, அது மாலைக்குள் சட்டமாகிவிடும்.

ஒருநாள் மத்தியானம் மன்னருக்குப் பல்வலி. உண்ட கையோடு குறட்டை விடுகிறவருக்கு அன்று கண்ணை மூட முடியவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மேல்மாடத்தில் ஏறி நின்று பார்த்தால், அடடா, ஊரே தூங்குகிறது! கடைக்காரர் தராசுக்குப் பக்கத்தில் தூங்குகிறார். கோட்டைக் காவலன் ஈட்டியைக் கட்டிக்கொண்டு தூங்குகிறான். மன்னருக்கு வந்ததே கோபம்!

"நான் இங்கே விழித்துக்கொண்டு அவதிப்படுகிறேன், இவர்களுக்கு என்ன தூக்கம் வேண்டிக்கிடக்கிறது? இன்றுமுதல் என் நாட்டில் யாரும் பகலில் தூங்கக் கூடாது!" என்று சபையைக் கூட்டிச் சொல்லிவிட்டார்.

மந்திரி அம்பலவாணர் மறுத்துப் பேச எழுந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு குட்டித் தூக்கம் போடாவிட்டால் அவருக்கு மூளையே ஓடாது. அவர் வாயைத் திறப்பதற்குள் பண்டசாலை அதிகாரி கோதண்டர் துள்ளி எழுந்தார். மந்திரி ஆசனத்தின் மேல் ரொம்ப நாளாகவே கோதண்டருக்கு ஒரு கண்.

"மன்னா, தண்டோரா போட்டால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவார்கள். 'தூங்காதே' என்று எழுதி வீட்டுக்கு வீடு ஒரு பொருளை இலவசமாகக் கொடுப்போம். தினமும் கண்ணில் படுகிற பொருளாக!"

"பலே! என்ன பொருள்?"

"தலையணை, மன்னா! அசல் இலவம்பஞ்சு! படுக்கப் போகிறவன் அதைப் படிப்பான், வெட்கப்படுவான், எழுந்துபோய்விடுவான்."

அம்பலவாணருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "மன்னா, இது 'குடிக்காதே' என்று எழுதிக் கள்ளை மொந்தையோடு கொடுக்கிற கதை. தலையணையைக் கொடுத்தால் தூங்கத்தான் செய்வார்கள்!"

"பொறாமை, மன்னா, சுத்தப் பொறாமை!" என்றார் கோதண்டர்.

மன்னருக்கோ பல் விண்விண்ணென்று தெறித்தது. "மந்திரியாரே, நையாண்டியா? தலையணை தைக்கும் வேலை உம்முடையது. பௌர்ணமிக்குள் ஊர் திருந்தாவிட்டால் உமது ஆசனம் கோதண்டருக்கு!"

பாவம் அம்பலவாணர்! யோசனை ஒருவருடையது, பழி இன்னொருவருக்கு. வீட்டுக்குப் போனார், சாப்பிட்டார், சட்டமாவது கிட்டமாவது என்று ஒரு குட்டித் தூக்கம் போட்டார். எழுந்ததும் தையற்காரர்களைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார்.

தலையணைகள் சபைக்கு வந்தன. கோதண்டர் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கைகொட்டிச் சிரித்தார். "மன்னா, கூத்தைப் பாருங்கள்! எழுத்தெல்லாம் இடம்வலம் மாறித் திரும்பிக் கிடக்கிறது. அதுவும் மொத்தமான சணல் நூலில்!"

"இதை யாரய்யா படிப்பது?" என்று உறுமினார் மன்னர்.

"தெரியவேண்டிய இடத்தில் நேராகத் தெரியும், மன்னா," என்றார் மந்திரி.

அதற்குமேல் கேட்க மன்னருக்குப் பொறுமை இல்லை. முதல் தலையணை அவருடைய படுக்கையறைக்குப் போனது, மற்றவை ஊருக்குப் போயின. இலவசமென்றால் விடுவார்களா? அடிபிடி, தள்ளுமுள்ளு! அதுவரை கையை மடித்துத் தலைக்கு வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தவர்கள், இலவம்பஞ்சில் கன்னத்தைப் புதைத்துப் பொழுது சாயும்வரை தூங்கினார்கள். கோயில் மணியடிப்பவர் உச்சிகால மணியைச் சாயங்காலம் அடித்தார்.

பௌர்ணமியும் வந்தது, அதற்குள் மன்னரின் பல்வலியும் போயிருந்தது. அன்று மத்தியானம் மன்னர் திடுதிப்பென்று சபையைக் கூட்டினார். எல்லாரும் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டே ஓடிவந்தார்கள். கடைசியாக வந்தவர் கோதண்டர்.

"மன்னா, காலையிலிருந்து கண்கொட்டாமல் ஊரைச் சுற்றுகிறேன். ஒருவனும் திருந்தவில்லை. எழுத்தைத் திருப்பித் தைத்தால் யார் படிப்பான்? ஆசனத்தைக் கொடுங்கள்!"

அம்பலவாணர் மெதுவாக எழுந்து கோதண்டரின் முகத்துக்கு நேரே போய் நின்றார். "நான் படிக்கிறேன், மன்னா. இதோ, இவர் வலது கன்னத்தில் சிவப்பாக, நேராக, அழகாக: தூங்காதே!"

சபை கொல்லென்று சிரித்தது. சிரித்த வேகத்தில் ஒவ்வொருவருக்கும் சந்தேகம் தட்டியது. ஒவ்வொரு கையாக எழும்பிக் கன்னத்தை மூடிக்கொண்டது.

"என்ன, எல்லாருக்கும் பல்வலியா?" என்றார் மன்னர். விஷயம் புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "அகப்பட்டீர்களா! கன்னத்தில் எழுத்து இருக்கிற எவனுக்கும் இனி இந்தச் சபையில் இடமில்லை!"

சொல்லிவிட்டு மந்திரி பக்கம் திரும்பினார். அம்பலவாணருக்குப் பகீரென்றது. மன்னரின் இடது கன்னத்தில், காதோரமாக, சிவந்த எழுத்துகள்!

"மன்னா... எவனுக்குமா?"

"எவனுக்கும்!" என்ற மன்னர், மந்திரியின் பார்வை போன இடத்தைத் தடவினார். விரலில் மேடுபள்ளம் தட்டுப்பட்டது.

"என்ன எழுதியிருக்கிறது?" என்றார் சன்னமாக.

"பாதிதான் பதிந்திருக்கிறது, மன்னா. 'காதே' என்று மட்டும். பக்கத்திலிருக்கிற காதைக் கூப்பிடுகிறது போலும்."

"கூப்பிட்டு என்ன சொல்கிறதாம்?"

"'காதே, அன்றைக்கு மந்திரி சொன்னதைக் கேட்டிருக்கலாமே!' என்கிறது."

மன்னர் சிரித்தார் பாருங்கள், கிரீடம் நழுவி மடியில் விழுந்தது! சட்டம் அந்த இடத்திலேயே ரத்தானது. தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணருக்குப் போட்டார். சட்டம் ரத்து என்று தண்டோரா போடும் வேலையைக் கோதண்டருக்குக் கொடுத்தார். அந்தக் கன்னத்தோடு அவர் தெருத்தெருவாக முரசு அடித்துக்கொண்டு போனார். மத்தியான வேளை, ஒருவரும் எழுந்து பார்க்கவில்லை.

மன்னருக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீரவில்லை. மந்திரியை அருகில் அழைத்து இரண்டு கன்னத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டும் மழமழவென்று இருந்தன.

"ஓய் அம்பலவாணரே, உண்மையைச் சொல்லும். நீர் மட்டும் தூங்கவே இல்லையா?"

"நன்றாகத் தூங்கினேன், மன்னா," என்றார் மந்திரி. "தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு."