சம்பந்தி வேஷம்

மாதேவன் ஆசானைவிட அவருடைய சீடர்தான் வயதில் மூத்தவர். ஆசானுக்கு நாற்பது முடியவில்லை. சீடர் பிறவிப்பெருமாளுக்குப் பேரனே இருக்கிறான். பட்டாள ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஊருக்கு வந்தவர், வீட்டில் சும்மா உட்கார முடியாமல் ஆசானின் வைத்தியசாலைக்கு வந்து, "எனக்குத் தடவலும் வர்மமும் சொல்லித் தாங்க" என்று நின்றார். ஊரே சிரித்தது. ஆசான் மட்டும் சிரிக்காமல், "வாங்க அண்ணாச்சி" என்று எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டார்.

ஊரில் அவருக்குப் பட்டாளத்தார் என்றே பெயர். மனிதர் வேலையில் புலி. பேச்சுதான் இன்னும் பட்டாளத்தை விட்டு வரவில்லை. "காலை வையும்! நிமிரும்! மூச்சை விடும்!" என்று அவர் போடும் சத்தத்திலேயே பாதிப் பேர் பயந்து எழுந்து நடந்துவிட்டதாகச் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

அங்கே பாத்திரக்கடை சிதம்பரதாணு வந்து படுத்திருந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துபோய், கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். மனைவி உலகம்மை கூடவே தங்கி, பின்கட்டில் பத்தியச் சமையல் செய்தாள். பட்டாளத்தார் சும்மா விடுவாரா? மழைக்காலம் முழுக்கத் தடவித் தடவி, திட்டித் திட்டி, மனிதரைக் கம்பு ஊன்றி நடக்க வைத்துவிட்டார். வலது கைதான் எழும்பவே இல்லை.

ஒருநாள் காலையில் பட்டாளத்தார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆசானிடம் வந்தார்.

"ஆசானே, சிதம்பரதாணுவ வீட்டுக்கு அனுப்பிரலாம். தானே குளிக்காரு. வேட்டிகூட ஒத்தக் கையால கட்டிக்கிடுகாரு. இடது கையில கரண்டி பிடிச்சுச் சாப்பிடுகாரு. தெருமுக்கு வரை நடந்துட்டு வாறாரு. அன்றாடக் காரியத்துக்கு ஒரு குறையும் இல்ல."

"நல்லது அண்ணாச்சி. அவரு என்ன சொல்லுகாரு?"

பட்டாளத்தாருக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"அத ஏன் கேக்கிய! 'எனக்கு ஒண்ணுமே முடியல'ங்காரு. வாற வெள்ளிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். போகமாட்டாராம்! தம்பிய அப்பன் ஸ்தானத்துல நின்னு நடத்தச் சொல்லிட்டாரு. அந்த அம்மா பின்கட்டுல இருந்து அழுகா. நான் இந்தப் பாடு பட்டு எழுப்பி விட்டா, ஒண்ணுமே முடியலியாம்! நீங்களே சொல்லுங்க ஆசானே. நான் சொல்லது சரியா, அவரு சொல்லது சரியா?"

ஆசான் மருந்து இடித்துக்கொண்டே கேட்டார். "எது முடியலன்னு கேட்டியளா?"

"கேக்காம இருப்பனா? கையத் தூக்க முடியுதா, குனிய முடியுதா, படி ஏற முடியுதா, எல்லாம் கேட்டாச்சு."

"அதெல்லாம் முடியணும்னு நீங்க நினைச்சது. அவரு எது முடியணும்னு நினைக்காரு?"

பட்டாளத்தார் தலையைச் சொறிந்தார். சட்டென்று முகம் மலர்ந்தது. "பிடிபட்டுப் போச்சு! பந்திதான்! கல்யாணப் பந்தியில நாலு பேரு முன்னால இடது கையால தின்ன மனுசனுக்குக் கூச்சம்!"

அன்று மத்தியானமே வாழை இலை விரித்துப் பாடம் தொடங்கியது. வலது கையைத் துண்டில் தொட்டில் மாதிரி கட்டித் தூக்கி, சோற்றை வாய்க்குக் கொண்டுபோகப் பழக்கினார். சோறு மூக்குக்குப் போனது. சாம்பார் நெஞ்சுக்குப் போனது. காக்கைகளுக்குத்தான் நல்ல சாப்பாடு. சிதம்பரதாணு இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் இலையைத் தள்ளிவிட்டார்.

"பட்டாளத்தாரே, பொண்ணுக்க அப்பன் எப்பம்வே பந்தியில உக்காருவான்? ஊரெல்லாம் தின்னு ஏப்பம் விட்டுப் போன பொறவு, சமையல்காரங்க கூட உக்காந்து ரெண்டு வாய் அள்ளிப் போடுவான். அத நான் எந்தக் கையால தின்னா எவனுக்கு என்ன?"

"அப்பம் எதுதான்வே உமக்கு முடியல? வாயத் தொறந்து சொல்லும்!"

சிதம்பரதாணு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பட்டாளத்தார் தளர்ந்துபோய் ஆசானிடம் வந்தார். "கேட்டா சொல்லமாட்டேங்காரு, ஆசானே."

"சொல்ல வெக்கமா இருக்கும். இனி கேக்க வேண்டாம். பாப்போம்."

ஆசான் எழுந்து கையைக் கழுவினார். வெளுத்த சட்டை போட்டார். நெற்றியில் சந்தனம் வைத்து, தோளில் மேல்துண்டை மடித்துப் போட்டார்.

"அண்ணாச்சி, ஒரு தாம்பாளத்துல வெத்தில பாக்கு, பழம் வச்சு எடுத்துட்டு எம்பின்னால வாங்க."

"எங்க ஆசானே?"

"நாம மாப்பிள்ளை வீட்டுக்காரங்க."

பின்வாசல் வழியாகப் போய், தெருவைச் சுற்றி, முன்வாசல் வழியாக இருவரும் வந்தார்கள். ஆசான் பெரிய மனிதத் தோரணையில் தொண்டையைச் செருமினார். "சம்பந்தி! சம்பந்தி உள்ள இருக்கியளா?"

கட்டில்களில் கிடந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்கள். கால் முறிந்து கட்டுப் போட்டிருந்த ஒருவர் வாயாலேயே நாதஸ்வரம் வாசித்தார். சிதம்பரதாணுவும் சிரித்துக்கொண்டேதான் எழுந்தார். இடது கையில் கம்பை ஊன்றி மெல்ல முன்னால் வந்தார்.

ஆசான் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார்.

சிதம்பரதாணுவின் சிரிப்பு அப்படியே நின்றது. வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. இடது கை கம்பை விடப் பார்த்தது. விட்டால் ஆள் விழுவார். வேறு வழியில்லாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

"இதுதான் ஆசானே," என்றார். "பொண்ணு குடுக்கவன் வாசல்ல நிக்கணும். வாறவங்களக் கும்பிட்டு வாங்கன்னு கூப்பிடணும். நான் கம்பப் பிடிச்சிட்டு, தலைய ஆட்டிட்டு நின்னா எப்படி இருக்கும்? 'உன் அப்பன் எங்களுக்கு ஒரு கும்பிடுகூடப் போடல'ன்னு நாளைக்கு எம்மகள ஒரு சொல்லு சொல்லிட்டா? அதுக்கு நான் அங்க இல்லாமலே இருக்கலாம்."

இத்தனை நாள் அந்தக் கையைத் தொட்டுத் தடவியவர் பட்டாளத்தார்தான். அழுகையை அடக்கப் போய்ப் பட்டாளக் குரல் கிளம்பியது. "ரெண்டு மாசம் குடும்வே! அந்தக் கைய எழுப்பாம விட்டேனா பாரும்!"

"கல்யாணம் வெள்ளிக்கிழமை, அண்ணாச்சி," என்றார் ஆசான்.

அப்போது பின்கட்டிலிருந்து உலகம்மை வந்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே புருஷனைப் பார்த்தாள். கண்ணில் கண்ணீரும் கோபமும் சேர்ந்தே இருந்தன.

"இதுக்கா இத்தன நாளா என்னைய அழ வச்சிய?"

நேரே வந்து அவருடைய வலது பக்கத்தில் நின்றாள். விழுந்துபோன கையைத் தன் இடது கைக்குள் கோத்து, தோளோடு தோள் முட்டுக்கொடுத்தாள்.

"கம்பக் கீழ போடுங்கோ."

"விழுந்திருவேன் உலகம்மை."

"நான் நிக்கேம்லா. போடுங்கோ."

கம்பு தரையில் விழுந்தது. ஆள் விழவில்லை. உலகம்மை தன் வலது கையை இருவருக்கும் நடுவே நெஞ்சுக்கு நேராக நீட்டினாள். சிதம்பரதாணு அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு தன் இடது உள்ளங்கையைக் கொண்டுபோய் அவள் உள்ளங்கையோடு சேர்த்து வைத்தார்.

"வாங்கன்னு சொல்லுங்கோ."

"வாங்க சம்பந்தி," என்றார். முதலில் மெல்லத்தான் வந்தது. மறுபடியும் சத்தமாகச் சொன்னார். "வாங்க, வாங்க! வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

வாய் நாதஸ்வரம் கெட்டிமேளமே கொட்டிவிட்டது. சிதம்பரதாணு சேர்த்த கையை எடுக்காமலே திரும்பி, "ஏ உலகம்மை, என் பட்டு வேட்டி எங்க இருக்கு?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை ஆசானும் பட்டாளத்தாரும் கல்யாணத்துக்குப் போனார்கள். வாசலில் புருஷனும் பெண்டாட்டியும் ஒட்டிக்கொண்டு நின்று வருகிறவர்களைக் கும்பிட்டார்கள். "இதுகளுக்குத்தான் இன்னைக்குக் கல்யாணம் போல" என்று சொந்தக்காரப் பெண்கள் கேலி செய்ய, உலகம்மைக்கு வெட்கம் தாங்கவில்லை. ஆனாலும் கையை எடுக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தன் மனைவியைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி, இரண்டு பேருமாகக் கும்பிட்டார்கள்.

தாலி கட்டு முடிந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். பட்டாளத்தார் பருப்பு சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குப் போகவில்லை.

"என்ன அண்ணாச்சி?"

"மனசுல ஒண்ணு கெடந்து உறுத்துது ஆசானே. எனக்கும் சந்தோசம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா வைத்தியம் பாக்கவன் உள்ளத உள்ளபடி சொல்லணும்லா? இன்னொரு ஆளு பக்கத்துல நின்னு கை குடுத்தாத்தான் ஆகுதுன்னா, அத அவரால முடியும்னு எப்படிச் சொல்லது? தனியா முடியலியே?"

கழுத்தில் மாலையோடு மணப்பெண் பந்தியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு இலையாகப் பார்த்து, சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆசான் அவளைக் கண்ணால் காட்டினார்.

"அந்தப் பொண்ண அவரு தனியாவா பெத்தாரு, அண்ணாச்சி?"