மரத்துக்கு ஓர் எழுத்து

புதுக் குதிரையில் ஏறி உட்கார்ந்த அரசரிடம் எதைக் கேட்டாலும் கிடைக்கும். தாழைநாட்டில் இது எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டு வணிகர் தனதத்தருக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. பன்னிரண்டு குதிரைகளை ஓட்டிவந்து மன்னர் சூரவேளுக்குக் காணிக்கையாகத் தந்தார். மன்னர் ஒன்றில் ஏறி அரண்மனையை மூன்று சுற்றுச் சுற்றினார்.

"வேண்டியதைக் கேளும்!" என்றார்.

தனதத்தர் நெடுங்காட்டைக் கேட்டார். "தந்தோம்!" என்று சொல்லிவிட்டு மன்னர் நான்காவது சுற்றுப் போனார்.

இறங்கிய பிறகுதான் ஏரி ஞாபகம் வந்தது. நெடுங்காட்டு ஓடைதான் பெரிய ஏரியை நிரப்புகிறது. அந்தத் தண்ணீரில்தான் பதினெட்டு ஊர்கள் சோறு தின்கின்றன. காடு போனால் ஏரி போகும். ஏரி போனால் ஊர்கள் காலியாகும். அப்புறம் மன்னர் யாரை ஆள்வார்? குதிரைகளையா?

"வாக்குக் கொடுத்துத் தொலைத்துவிட்டேனே, காரியாரே!" என்று அவையில் ஓலை எழுதும் காரியாரிடம் புலம்பினார்.

"குதிரை நல்ல ஜாதிக் குதிரைதான், அரசே. அதில் குறையில்லை," என்றார் காரியார். "வாக்கைக் காப்பாற்றுங்கள். சாசனத்தை மட்டும் என்னிடம் விடுங்கள்."

மறுநாள் அவை கூடியது. தனதத்தர் நெஞ்சில் கைவைத்துப் பேசினார்.

"கண்ணை இமை காப்பதுபோல் அந்தக் காட்டைக் காப்பேன். உதிர்ந்த சுள்ளிதான் பொறுக்குவேன். பச்சை மரத்தில் ஒரு கீறல்கூட விழாது. இது சத்தியம்!"

அவை உருகிப்போனது. அதே நேரம் கொல்லன் பட்டறையில் அவருடைய ஆட்கள் இருநூறு கோடாரிகளுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுள்ளி பொறுக்கத்தான் போலிருக்கிறது.

"அற்புதமான சத்தியம். முதல் வரியாக எழுதிவிட்டேன்," என்றார் காரியார். "அடுத்து, தங்கள் பட்டப்பெயர்கள்?"

தனதத்தர் முகம் மலர்ந்தது. பட்டங்களைச் சொல்லத் தொடங்கினார். அப்பாவின் பட்டங்கள், தாத்தாவின் பட்டங்கள், தாய்மாமன் கடல் கடந்து வாங்கிய பட்டங்கள். ஏழு நாள் சொன்னார். "எதையும் விட்டுவிடாதீர்!" என்று நடுநடுவே அதட்டினார். காரியார் எதையும் விடவில்லை. கட்டுக் கட்டாகச் சேர்ந்த ஓலையை மாட்டுவண்டியில் ஏற்றித்தான் அவைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

"இதை எதில் பொறிக்கலாம்? ஓலையிலேயே இருக்கட்டுமா?" என்று கேட்டார் காரியார்.

"கரையான் அரிக்கும்," என்றார் தனதத்தர்.

"செப்பேடு?"

"ஆட்சி மாறினால் உருக்கி அண்டா செய்துவிடுவார்கள்."

"கல்வெட்டு?"

"பகை அரசன் வந்தால் பெயர்த்துப் படிக்கட்டு கட்டுவான். ஐயா, நான் பல நாடு பார்த்தவன். அடுத்த ராஜா மனம் மாறுவார், மந்திரி மாறுவார். ஓர் எழுத்துச் சிதைந்தாலும் சாசனம் செல்லாது என்பார்கள். மூன்று நாட்டில் பட்டுவிட்டேன்!"

வரக்கூடிய ஆபத்து அத்தனையையும் விரல்விட்டுச் சொன்னார் மனிதர். ஏரி வற்றும் ஆபத்து மட்டும் எந்த விரலுக்கும் வரவில்லை.

"அப்படியானால் ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது," என்றார் காரியார். "யாரும் கைவைக்க மாட்டார்கள் என்று தாங்களே சத்தியம் செய்த இடம். நெடுங்காடு! மரத்துக்கு ஓர் எழுத்தாக எழுதிவிடலாம். கீறல் கூடாது அல்லவா, பட்டையில் அழியாத சாயத்தால் எழுதுவோம்."

தனதத்தர் இழுத்தார். "மரத்திலா... அது..."

"ஏன், மரத்துக்கு ஏதாவது ஆபத்து வருமா?" என்று அப்பாவியாகக் கேட்டார் மன்னர்.

வரும் என்று எப்படிச் சொல்வது? தனதத்தர் சம்மதமாகத் தலையாட்டினார். பெரிய காடுதானே, எழுத்தில்லாத மரம் மிஞ்சும், அதை வெட்டிக்கொள்ளலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து, துருப்பிடிக்கத் தொடங்கிய கோடாரிகளை நினைத்தபடி அவைக்கு வந்தார்.

"எழுதி முடித்தாயிற்றா?"

"இல்லை," என்றார் காரியார் வருத்தத்தோடு. "காட்டில் மரம் தீர்ந்துவிட்டது. தங்கள் தாய்மாமனின் பட்டம் பாதியில் நிற்கிறது. அதற்கப்புறம்தான் மன்னரின் முத்திரை. அது விழாமல் சாசனம் செல்லாதே!"

"மாமாவை எடுத்துவிடுங்கள்! தாத்தாவையும்தான்!" என்று அலறினார் தனதத்தர்.

"ஓர் எழுத்துக் குறைந்தாலும் செல்லாதாமே. மூன்று நாட்டில் பட்டவர் சொன்னார்."

"அப்படியானால் நான் என்னதான் செய்வது?"

"மரம் நடுங்கள். இன்னும் நாலாயிரம் போதும். முத்திரை மரம் கடைசியில். அது வளர்ந்ததும் சொல்லியனுப்புங்கள், மன்னர் தயாராக இருப்பார்."

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை இறங்கிவிட்டது. "பன்னிரண்டில் நல்ல குதிரையாக ஒன்றை எடுத்துக்கொள்ளும், காரியாரே!"

"ஒன்று எதற்கு, அரசே?" என்று கைகூப்பினார் காரியார். "பன்னிரண்டையும் கொடுத்துவிடுங்கள். நாடு பிழைக்கும்."