சக்கரவர்த்தி கண்டுபிடித்த தயிர்

முன்னொரு காலத்தில், அதாவது தயிருக்கு யாரும் சொந்தம் கொண்டாட வராத காலத்தில், ஒரு ராஜா இருந்தார். நாடு சின்னது, ராஜாவின் வயிறு பெரியது. கடைசிக் கவளம் தயிர்ச்சாதமாக இருந்தால்தான் அவருக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். அவரைச் சிரிக்க வைக்கச் சம்பளம் வாங்கியவன் விகடகவி பூவராகன். என்னைப் போலவே அவனுக்கும் உருப்படியான வேறு வேலை தெரியாது.

ஒருநாள் கடலுக்கு அப்பாலிருந்த பெரிய சாம்ராஜ்யத்தின் தூதர் சபைக்கு வந்தார். போன வருஷமும் வந்தவர்தான். அப்போது நம் விருந்தின் காரம் தாங்காமல் சுருண்டு கிடந்தவருக்குத் தயிர்க்காரி வெள்ளச்சிதான் மோர் கொடுத்துப் பிழைக்க வைத்தாள். எப்படிச் செய்வது என்று கேட்டார். பிரியமாகச் சொல்லிக் கொடுத்து, ஒரு கிண்ணம் உறைமோரும் கொடுத்தனுப்பினாள்.

இந்த முறை அவர் பட்டுத் துணியைப் பிரித்து, முத்திரை வைத்த செப்புத் தகட்டை நீட்டினார்.

"அரசே, பாலைத் தயிராக்கும் கலையை உலகிலேயே முதன்முதலாக எங்கள் சக்கரவர்த்தி கண்டுபிடித்திருக்கிறார். இனி அவர் அனுமதியின்றி எவரும் தயிர் தோய்க்கக்கூடாது. அனுமதிக்கு விலை உண்டு. தங்களுக்காகச் சற்றுக் குறைத்திருக்கிறோம்."

ராஜாவுக்குக் கோபம் வந்தது. துறைமுகத்தில் நின்ற பீரங்கிக் கப்பல்களைப் பார்த்ததும் போய்விட்டது. "ஆகா, அருமையான கண்டுபிடிப்பு!" என்றார்.

பூவராகன்மேல் நெடுநாளாகப் பொருமிக்கொண்டிருந்த பிரதானி உத்தண்டராயர் எழுந்தார்.

"மன்னா, நாளை உச்சிப்பொழுதுக்குள் அனுமதியில்லாத தயிர் ஒரு சொட்டுகூட நாட்டில் இருக்கலாகாது. அந்தப் பொறுப்பைப் பூவராகரிடம் ஒப்படையுங்கள். ஒரு சொட்டு அகப்பட்டாலும் அவர் தலையை எடுத்துவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா, கப்பலைப் பார்த்தபடியே.

பூவராகன் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான். பெரிய அழகில்லை. ஆனாலும் பழகிய தலை. நேரே போய்த் தண்டோரா போட்டான்: "இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், வீட்டிலுள்ள தயிரையெல்லாம் உடனே குடித்துத் தீர்க்க வேண்டும். ராஜ உத்தரவு!"

ஊர் மகிழ்ச்சியாகக் கீழ்ப்படிந்தது. பிள்ளைகள் சட்டிக்குள் தலையை விட்டு நக்கினார்கள். வெள்ளச்சி மட்டும் காலிப் பானையோடு வந்து நின்றாள்.

"ஏஞ்சாமி, நாளைக்கு உறை ஊத்த ஒரு சொட்டு மிச்சமில்லையே. நான் என்னத்த வித்துக் கஞ்சி குடிப்பேன்? அந்தாளுக்கு மோரு குடுத்தது ஒரு குத்தமா?"

பூவராகனுக்கு விகடம் எதுவும் வரவில்லை. "பானைய நல்லாக் கழுவி வை தாயி. நாளைக்கு அரண்மனைக்கு வந்துடு" என்றான்.

மறுநாள் உச்சிப்பொழுதில் உத்தண்டராயரின் ஆட்கள் மூலை முடுக்கெல்லாம் துழாவியும் ஒரு சொட்டு அகப்படவில்லை. அரண்மனையில் விருந்து. காரக்குழம்பு உள்ளே போனதும் தூதர் "தயிர்! தயிர்!" என்று அலறினார். ராஜாவும் சேர்ந்து அலறினார்.

பூவராகன் ஒரு பானைப் பாலைத் தூதர்முன் வைத்தான். "பெருமானே, இந்நாட்டில் அனுமதி உள்ளவர் தாங்கள் ஒருவரே. தோய்த்தருள வேண்டும்."

"நேற்றைய தயிர் ஒரு கரண்டி கொண்டு வா."

"அது எதற்கு?"

"அது இல்லாமல் எப்படித் தயிராகும், முட்டாளே?"

"அப்படியானால் உங்கள் சக்கரவர்த்தி உலகத்தின் முதல் தயிரைத் தோய்த்தபோது, அதற்கு முந்தின நாள் தயிரை யாரிடம் வாங்கினார்?"

தூதரின் கண் தானாகவே வாசலில் நின்ற வெள்ளச்சியிடம் போய்த் திரும்பியது. சபை முழுவதும் அதைப் பார்த்துவிட்டது.

"அவசரமில்லை, யோசியுங்கள்" என்றான் பூவராகன். "அடுத்து எந்தெந்த நாட்டுக்குத் தகடு கொண்டு போகிறீர்கள் என்று சொன்னால், முன்னாலேயே போய் இந்தக் கேள்வியைச் சொல்லி வைக்கிறேன். பெரிய சாம்ராஜ்யத்தை எல்லாரும் சிரித்த முகத்தோடு வரவேற்க வேண்டாமா?"

தூதர் தகட்டைப் பட்டுத் துணியில் சுற்றி அங்கிக்குள் செருகிக்கொண்டார். "எழுதியவர்கள் ஏதோ பிழை செய்துவிட்டார்கள்" என்று முனகினார்.

சிரிக்க வாயெடுத்த ராஜா சட்டென்று நிறுத்தினார். "அடே, நாட்டில்தான் உறைமோரே இல்லையே! என் தயிர்ச்சாதம்?"

"எல்லைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கிறேன், மன்னா. கிண்ணத்தோடு நிற்கிறார்கள்."

"வருஷா வருஷம் நாம் படையெடுக்கிறோமே, அவர்களிடமா?"

"சண்டை வேறு, உறைமோர் வேறு என்றார்கள். தகடு எதையும் நீட்டவில்லை. அவர்களிடம் இல்லாதபோது நாம் கொடுத்தால் போதுமாம்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். பூவராகனுக்கு முத்துமாலை போட்டார். அவன் கேட்டபடி வெள்ளச்சிக்கு இரண்டு கறவை மாடுகளும், வரப்போகும் உறைமோரில் முதல் கரண்டியும் கொடுக்கச் சொன்னார். "உத்தண்டராயரே, நீரே போய்க் கிண்ணத்தை வாங்கி வாரும். ஒரு சொட்டு சிந்தினாலும் உம் தலை!" என்றார்.

இதையெல்லாம் பார்த்த தூதர் மெல்ல ஓலையும் எழுத்தாணியும் எடுத்தார்.

"ஐயா, ராஜா சிரித்ததை மட்டும் எழுதிக்கொண்டு போய்விடாதீர்கள்" என்றான் பூவராகன். "அடுத்த வருஷம் அதற்கும் அனுமதி வாங்க வேண்டியிருக்கும்."

எதற்கும் இருக்கட்டும் என்று ராஜா அவசர அவசரமாக இன்னொரு முறை சிரித்து வைத்தார்.