பொள்ளாச்சி ரோட்டில் ஒரு ரெட்டை சைலன்சர்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், மரத்தடியில் உட்கார வேண்டும் என்று யார் சொன்னார்களோ தெரியாது. சிங்காநல்லூரில் சைலன்சர் பட்டறை வைத்திருக்கும் மரகதத்துக்கு முப்பத்தெட்டு வயது. வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பல்லால் கையுறையைக் கழற்றிக்கொண்டே பதில் சொல்வார். பட்டறையில் எல்லோருக்கும் அவர் மேஸ்திரி.

சீடர் நாச்சிமுத்துவுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. போர்வெல் வண்டியோடு ஊர் ஊராய்ப் போய் வெல்டிங் அடித்துவிட்டுக் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தவர். தொழிலில் கை சுத்தம். அவரிடம் ஒரே ஒரு கோளாறுதான். எதைச் சொன்னாலும் "தெரியுமுங்க" என்பார்.

"நாச்சிமுத்தண்ணா, அந்தப் பைப்பு சூடா இருக்குது, தொட்டுடாதீங்க."

"தெரியுமுங்க" என்று சொல்லிக்கொண்டே தொடுவார். தொட்டுவிட்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டு, "இதுவும் தெரியுமுங்க" என்பார். இந்த மனுசரை என்ன செய்வது?

அவருக்கு ஓர் ஆசை வந்தது. குறிச்சியில் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். சொந்தப் பட்டறை. போர்டுகூட எழுதி வைத்தாயிற்று. அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கற்றுக்கொடுத்தவர் வந்து தன் கையால் முதல் வெல்டிங் பொறி வைத்தால்தான் பட்டறை விளங்கும். வராவிட்டால், "மேஸ்திரியே வரலையாம்" என்று ஊர் பேசும். ஒரு வண்டி வராது.

"நீங்க வந்து பொறி வெக்கோணும் மேஸ்திரி."

"மில்லுக்காரர் வண்டியை நீங்களே முழுசா முடிங்க. அப்புறம் பாக்கலாம்."

மில்லுக்காரர் வண்டி ஆறு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் கார். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. அதற்கு ரெட்டை சைலன்சர் வேண்டுமாம். தலையிலிருந்து வால் வரைக்கும் புதிதாய் வடிவமைத்து, பின்னால் ரெண்டு வாய் வைக்க வேண்டும். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார்.

"சத்தம் கம்பீரமா இருக்கோணும். ஆனா என் சம்சாரமும் கூட உக்காரோணும்."

"தெரியுமுங்க" என்றார் நாச்சிமுத்து.

ரெட்டை சைலன்சரில் மரகதத்தின் கைப்பக்குவம் ஒன்று உண்டு. ரெண்டு குழாய்க்கும் நடுவில் ஒரு குட்டைக் குறுக்குக் குழாய் போட்டு இணைத்துவிடுவார். இந்தப் பக்கத்து மூச்சும் அந்தப் பக்கத்து மூச்சும் அதன் வழியாகக் கலந்துகொள்ளும். அதற்கப்புறம் அந்த வண்டியின் சத்தத்தைக் கேட்டால் ரோட்டில் போகிறவர்கள் நின்று திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அந்தக் குறுக்குக் குழாயை எந்த இடத்தில் வைப்பது? ஒரு வண்டியில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும். எந்த அளவு, என்ன கணக்கு, ஒருவருக்கும் தெரியாது. யாரும் நேராய்க் கேட்டதும் இல்லை. கேட்டால் தெரியாது என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே!

நாச்சிமுத்து சுற்றி வளைத்துப் பார்த்தார்.

"குறுக்குக் குழாய் எங்க வெக்கறதுன்னு எனக்குத் தெரியுமுங்க. இருந்தாலும் உங்க வாயால ஒருக்கா சொன்னீங்கன்னா..."

"தெரியுமில்ல? அப்ப வெச்சுடுங்க."

தீர்ந்தது பேச்சு. நாச்சிமுத்து யோசித்தார். தப்பான இடத்தில் வைத்து அவமானப்படுவதைவிட வைக்காமலே விட்டுவிடுவது மேல் என்று தோன்றியது. "இந்த வண்டிக்கு அது தேவையில்லைங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குழாயை வளைத்தார், வெட்டினார், ஒட்டினார். ஒட்டு ஒவ்வொன்றும் பூரான் ஊர்ந்த மாதிரி வரிசையாக வந்தது. அதோடு விட்டாரா? பளபளப்பாக இருக்கட்டும் என்று குழாய் முழுக்கக் கறுப்பு பெயின்ட் வேறு அடித்தார். இரும்புக் கேட்டுக்குப் பூசுகிற சாதா பெயின்ட்.

பட்டறைக்குள் ஸ்டார்ட் பண்ணி முறுக்கினார். தகரம் அதிர்ந்தது. எதிர்க்கடை டீக்காரர் எட்டிப் பார்த்தார். வேலைக்காரர்கள் விசிலடித்தார்கள். நாச்சிமுத்துவுக்கு மார்பு ரெண்டு அங்குலம் விரிந்துவிட்டது.

"எப்புடீங்க மேஸ்திரி?"

மரகதம் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார்.

"பெயின்ட் அடிச்சது நல்லதாப் போச்சு."

"அது தெரியுமுங்க. வேற?"

"வாங்க, பொள்ளாச்சி வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துடலாம். போற வழியில பேசிக்கலாம்."

நாச்சிமுத்து சாவியோடு ஓடிவந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். சரி, இன்றைக்கு அந்த அளவைச் சொல்லிவிடப் போகிறார்! பட்டறையில் நாலு பேர் காதில் விழும். அதனால்தான் வண்டிக்குள் கூப்பிடுகிறார். சும்மாவா, எத்தனை வருசப் பழக்கம்!

உக்கடம் நெரிசலில் ஊர்ந்தவரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஈச்சனாரிப் பிள்ளையாரைத் தாண்டி ரோடு விரிந்தது. வேகம் எண்பதுக்கு வந்தது. அப்போது ஆரம்பித்தது அந்த இரைச்சல்.

வெடிச் சத்தமாக இருந்தாலும் தாங்கிக்கொள்ளலாம். இது அப்படி இல்லை. 'ஊம்ம்ம்ம்' என்று ஒரே சுருதி. மாவு மில்லுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி மண்டை முழுக்க ரீங்காரம். கடைவாய்ப் பல்லில் அடைத்த சிமென்ட் ஆடியது. நின்ற இடத்தில் முறுக்கிக் கேட்கும்போது இது வராது. ஒரே வேகத்தில் ரோட்டில் போகும்போதுதான் வரும். பட்டறையில் முறுக்கி முறுக்கிக் கைதட்டு வாங்கினாரே தவிர, ஒரு தடவையாவது ரோட்டில் ஓட்டிப் பார்த்தாரா? அடப் போங்க.

மலுமிச்சம்பட்டிக்குப் பக்கத்தில் மரகதம் அவர் பக்கம் திரும்பி என்னமோ சொன்னார். உதடு அசைந்தது. ஒரு வார்த்தை காதில் விழவில்லை.

"கேக்கலீங்க" என்று சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? தன் கையால் போட்ட சைலன்சர் ஆயிற்றே.

"தெரியுமுங்க" என்று தலையாட்டினார்.

மரகதத்தின் கண் விரிந்தது. மறுபடியும் சொன்னார், இந்தத் தடவை இன்னும் பக்கத்தில் வந்து. கையால் ரோட்டோரத்தைக் காட்டினார். அப்புறம் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

'ஓரத்துல இருந்து ஒரு சாண் தள்ளி வெக்கச் சொல்றாரோ?' என்று நாச்சிமுத்து கணக்குப் போட்டார். "தெரியுமுங்க, தெரியுமுங்க" என்று பலமாகத் தலையாட்டினார். மேஸ்திரி ஆர்வமாகச் சொல்கிறாரே, நாமும் உற்சாகமாக இருப்போம் என்று இன்னும் கொஞ்சம் மிதித்தார். இரைச்சல் கூடியது.

ஒத்தக்கால்மண்டபத்தில் மரகதம் டேஷ்போர்டைத் தட்டித் தட்டிச் சொன்னார். கிணத்துக்கடவு வந்தபோது ரெண்டு கையையும் கூப்பிக்கொண்டு சொன்னார். கண்ணில் தண்ணீர் நின்றது. மலைமேல் இருக்கிற முருகனைக் கும்பிடுகிறார் என்று நினைத்து, நாச்சிமுத்துவும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். எத்தனை வருசம் மனதுக்குள் பூட்டி வைத்த ரகசியம், சொல்லும்போது கண் கலங்கத்தானே செய்யும்?

பொள்ளாச்சியில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார். வண்டி நிற்பதற்குள் மரகதம் கதவைத் திறந்துகொண்டு பின்பக்கமாக ஓடினார். திரும்பி வர நேரமாயிற்று. தனியாக நின்று அழுதுவிட்டு வருகிறார்போல என்று நாச்சிமுத்து முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

திரும்பி வரும்போது மேஸ்திரி காதில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் நாச்சிமுத்து பட்ட பாடு இருக்கிறதே! சோறு இறங்கவில்லை. கிடைக்காத புதையல் கிடைத்து, கண்ணெதிரே கைநழுவிப் போய்விட்டது. முழு ரகசியமும் சொல்லியாயிற்று. ஒரு எழுத்துகூட வந்து சேரவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? வழி நெடுகத் தெரியும் தெரியும் என்று தலையாட்டிய தலை அல்லவா!

மறுநாள் மில்லுக்காரர் சம்சாரத்தோடு வந்தார். அந்த அம்மாளை உட்கார வைத்து அவிநாசி ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தார். வண்டி நின்றதும் அம்மாள் இறங்கி, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டார்.

"என்னப்பா இது?" என்றார் மில்லுக்காரர். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டிப் பழைய சைலன்சரையே மாட்டிக் குடுத்துடு."

பழையதை மாட்டினால் மேஸ்திரி பொறி வைக்க வருவாரா? கொட்டகையை மாட்டுக்குத்தான் விட வேண்டும்.

நாச்சிமுத்து வண்டியை லிஃப்டில் ஏற்றினார். வேலை செய்வதற்காக ஏற்றவில்லை. முகத்தை மறைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது, வண்டிக்கு அடியில் போய் நின்றார். நின்று மேலே பார்த்தவர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கறுப்பு பெயின்ட் முக்கால்வாசி பளபளப்பாகத்தான் இருந்தது. ஆனால் ரெண்டு குழாயிலும் ஒரே ஓர் இடத்தில், ஒன்றுக்கொன்று நேர் எதிராக, ஒரு சாண் நீளத்துக்குப் பொரிந்து உரிந்து கிடந்தது. அடுப்பில் கருகிய அப்பளம் மாதிரி. மற்ற இடத்தில் இல்லாத சூடு அங்கே மட்டும் ஏன்? புகை ஓடிவந்து முட்டி மோதுகிற இடம் அது. வழி தெரியாமல் அங்கேயே நின்று புழுங்குகிறது.

'பெயின்ட் அடிச்சது நல்லதாப் போச்சு.'

"அட கடவுளே!" என்று தலையில் கைவைத்தார். அப்புறம் கையில் கட்டிங் மெஷினை எடுத்தார். பொரிந்த இடத்தில் ரெண்டு குழாயையும் துளைத்து, நடுவில் ஒரு குட்டைக் குழாயைப் பொருத்தி ஒட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் மரகதத்தின் முன்னால் போய் நின்றார்.

"இன்னொரு நடை பொள்ளாச்சி வரைக்கும் போயிட்டு வரலாமுங்களா?"

மரகதம் கையுறையைக் கழற்றி வைத்தார். "இருங்க, அஞ்சு நிமிசத்துல வந்துடறேன்" என்று பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் போய்விட்டு வந்து ஏறினார்.

ஈச்சனாரி தாண்டியது. எண்பது. வண்டி அடித்தொண்டையில் மெதுவாக உறுமியதே தவிர, மண்டைக்குள் வரவில்லை. மரகதத்தின் வளையல் குலுங்குவது கேட்டது. மகளுக்குப் போன் போட்டு, தோசை மாவை ஃப்ரிட்ஜில் எடுத்து வைக்கச் சொன்னார். குரலை உயர்த்தாமலே சொன்னார். அந்தப் பக்கம் மகள் முடியாது என்று சொன்னதுகூட நாச்சிமுத்து காதில் விழுந்தது.

போனை வைத்ததும் நாச்சிமுத்து மெல்ல ஆரம்பித்தார்.

"மேஸ்திரி, குறுக்குக் குழாய் வெக்கற எடத்தைப் பெயின்ட் பொரிஞ்சதை வெச்சுக் கண்டுபுடிச்சனுங்க. அன்னைக்கு நீங்க சொல்லீட்டே வந்தது அதுதானுங்களே?"

"அதான் தெரியும் தெரியும்னு சொன்னீங்களே."

மலுமிச்சம்பட்டி வந்து போயிற்று. போர்வெல் வண்டியில் பாறைமேல் நின்று வெல்டிங் அடித்தபோதுகூட நாச்சிமுத்து இப்படிப் பயந்ததில்லை.

"தெரியாதுங்க" என்றார்.

"என்னங்க?"

"தெரியாதுங்க மேஸ்திரி. அன்னைக்கு ஒரு வார்த்தைகூடக் கேக்கலீங்க. சும்மாதான் தலையாட்டுனேன்."

மரகதம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கோபமா, சிரிப்பா என்று தெரியவில்லை.

"அப்புடி என்னங்க சொன்னீங்க?"

"வண்டியை ஓரங்கட்டுங்கண்ணா, அவசரமா ஒண்ணுக்குப் போகோணும்னு சொன்னேன். கையைக் காட்டிச் சொன்னேன். டேஷ்போர்டைத் தட்டிச் சொன்னேன். கிணத்துக்கடவுல கையெடுத்துக் கும்பிட்டே சொன்னேன். நீங்க தெரியுமுங்க, தெரியுமுங்கன்னு இன்னும் மிதிச்சீங்க."

நாச்சிமுத்துவின் முகம் சுருங்கிச் சுண்டைக்காயாகிவிட்டது. பொள்ளாச்சி வந்தது. அதே பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மேஸ்திரி, என் பட்டறைக்குப் பொறி வெக்க வருவீங்களா, மாட்டீங்களா? எனக்குத் தெரியலீங்க."

"வர்றேனுங்க."

"நானே வந்து கூட்டிட்டுப் போறனுங்க. இந்த வண்டியிலயே..."

"வேண்டாமுங்கண்ணா. நான் டவுன் பஸ்ஸுல வந்துக்கறேன். அதுல விசிலடிச்சா நிறுத்துவாங்க."