தொட்டியோரத்தில் ஒரு கூப்பாடு

மௌன தீட்சை வேண்டும் என்று மறுபடியும் வந்து நின்றார் திருமேனி. அறுபதைத் தாண்டிய மனிதர். மனைவி வேதவல்லி இறந்துபோனபிறகு அவர் வீட்டில் பேச்சுக்குரல் என்றால் அது தொலைக்காட்சியில் கேட்பதுதான். குரு நாச்சியாரம்மாள் அவரைவிட இளையவர். ஆனாலும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"எதுக்கு மௌனம்?"

"பேச ஆள் இல்லாம வாயை மூடிக்கிட்டு இருக்கறது கேவலமா இருக்கும்மா. விரதம்னா அதுக்கு ஒரு மரியாதை."

அம்மாள் சிரிக்கவில்லை. "ஒரு இடம் போயிட்டு வரலாம், கிளம்புங்க."

பஸ் மாறிப் போய் இறங்கிய இடம், என்றோ மூடிப்போன தங்கச் சுரங்கம். இப்போது வேடிக்கை பார்க்க வருகிறார்கள். டிக்கெட் வாங்கினால் ஒரு தட்டும் ஒரு வாளி மணலும் தருவார்கள். தொட்டித் தண்ணீரில் அலசித் தங்கம் தேட வேண்டியது. தீட்சை கேட்டவனுக்கு மண்ணா என்று திருமேனிக்கு உள்ளூரக் கடுப்பு. அம்மாளோ தூங்குமூஞ்சி மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

சுற்றிலும் குடும்பம் குடும்பமாகக் கூச்சல். அவர் மட்டும் ஒரு மூலையில் தனியாகத் தட்டை ஆட்டினார்.

"இடிச்சு ஆட்டாதீங்க சார், எல்லாம் போயிடும். வட்டமா, மெதுவா," என்றான் தொட்டிக்காரன்.

மணல் கரைந்து போய்க்கொண்டே இருந்தது. அடியில் கடுகில் பாதி அளவில் ஒரு துணுக்கு, மஞ்சளாக மினுங்கியது.

"வேதா! ஏய் வேதா, இங்க பாருடி!"

கூவிக்கொண்டே இடப்பக்கம் திரும்பிவிட்டார். அங்கே கவிழ்த்துப்போட்ட வாளி ஒன்றுதான் இருந்தது. தொட்டியைச் சுற்றி எல்லோரும் அவரையே பார்த்தார்கள். செத்துவிடலாம் போலிருந்தது அவருக்கு.

தொட்டிக்காரன் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். "எல்லா வாளியிலயும் நாங்களே ஒரு துணுக்கு போட்டுத்தான் சார் தருவோம். யாரும் வெறுங்கையோட போகக்கூடாதில்ல."

திருமேனி தட்டைத் தொட்டி விளிம்பில் வைத்தார். அம்மாள் எழுந்து வருவதைப் பார்த்ததும் கை கூப்பினார்.

"தங்கம் அவங்க போட்டது. நான் கூப்பிட்ட ஆளும் இல்ல. இப்பவாவது தீட்சை கொடுங்கம்மா. இந்த வாயைக் கட்டிடுங்க."

நாச்சியாரம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டியோரச் சேற்றில் இறங்கினார். வாளியை ஒதுக்கிவிட்டு அவருக்கு இடப்பக்கம் வந்து நின்றார். தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அவ்வளவு சத்தமாக் கூப்பிட்டீங்களே. எங்க இருக்கு? காட்டுங்க."