பதினேழு வட்டங்கள்

“குழி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் விழுகிறான். தெரியாதவள் விழுவதில்லை. இது என்ன நியாயம், டீச்சர்?”

தாமோதரன் நடுரோட்டில் உட்கார்ந்தபடியே கேட்டார். முழங்கால் சிராய்த்திருந்தது. சைக்கிள் இரண்டு முழம் தள்ளிப் படுத்துக்கொண்டு, முன்சக்கரத்தை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

செங்கொடி சைக்கிளை நிறுத்தி இறங்கினாள். வயது இருபத்தாறு. அவரைவிட முப்பத்தைந்து வயது சின்னவள்.

“எலும்பு ஒண்ணும் இல்லையே சார்?”

“எலும்பு இருக்கட்டும். கேள்விக்குப் பதில்?”

அது மலையின் பழைய சாலை. மறுபக்கம் புதுச்சாலை போட்டதும் பஸ்ஸும் லாரியும் அங்கே போய்விட்டன. அடிவாரத்தில் இரண்டு குட்டைக் கல்தூண்களை நட்டு இதை அடைத்துவிட்டார்கள். தூண்களுக்கு நடுவே ஓர் ஆடு போகலாம், ஒரு சைக்கிள் போகலாம். உச்சியிலிருந்து எண்ணினால் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். உண்ணிப்பூ வாசம். குருவிச் சத்தத்தை மிஞ்ச ஆளில்லை. ஞாயிறுதோறும் டவுனிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கேதான் செங்கொடி சைக்கிளில் மலை ஏறவும் இறங்கவும் கற்றுக்கொடுத்தாள்.

ஏறுவதில் தாமோதரன் கெட்டிக்காரர். இறங்குவதில்தான் கோளாறு. விழுவது இது இரண்டாவது தடவை.

“டீச்சர், பதினோராவது வளைவிலிருந்து கீழே தூண் வரைக்கும் எத்தனை குழி?”

“தெரியாது சார்.”

“நாலு வருஷமாக வருகிறீர்கள்!”

“ஆமா.”

“எண்ணினதே இல்லையா?”

“நீங்க சொல்லுங்க.”

“பதினேழு. நான்காவது அரையடி ஆழம். ஒன்பதாவது வாயகலம், அதில் ஜல்லி வேறு.”

முப்பது வருடம் ரோடு இன்ஸ்பெக்டராக இருந்தவர். குழி என்றால் அவர் கண்கொத்திப் பாம்பு.

“போன மாசம் எதுல விழுந்தீங்க?”

“நான்காவதில்.”

“இன்னிக்கு?”

“ஒன்பதாவதில்.”

“வர்றது தெரியலையா?”

“தெரியாமல் என்ன? இருபது கெஜத்திலேயே பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் கண்ணை எடுக்கவே இல்லை.”

செங்கொடி சிரித்துவிட்டாள்.

தாமோதரனுக்குச் சுருக்கென்றது. “இருக்கிற குழியை இல்லை என்று நினைத்துக்கொள்ளச் சொல்கிறீர்களா? அது முட்டாள்தனம், டீச்சர்.”

“நான் அப்படிச் சொன்னேனா? குழி இருக்குன்னு மனு எழுதுங்க. மொதல் கையெழுத்து என்னோடது. கலெக்டர் ஆபீஸ் வாசல்ல வந்து சத்தம் போடவும் நான் ரெடி. ஆனா, மனுவை நாற்காலியில உக்காந்து எழுதுங்க சார்.”

“சைக்கிளில் உட்கார்ந்து?”

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரது முழங்காலைக் கழுவினாள்.

வீட்டில் பதில் வந்தது.

“இன்னொரு தடவை விழுந்து வாங்க,” என்றாள் மனைவி வசந்தகோகிலம், மஞ்சள் பற்றைக் குழைத்துக்கொண்டே. “மறுநாள் காலையில பழைய இரும்புக்காரர் வருவார். சைக்கிள் அவர் வண்டியில ஏறும். பேச்சே கிடையாது.”

கட்டிய நாளிலிருந்து அவள் சொல்லிச் செய்யாமல் விட்ட காரியம் ஒன்றுகூட இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

தாமோதரன் ஒரு வாரம் யோசித்தார். ஒரு பெண் குழியை எண்ணாமலே இறங்குகிறாள். எப்படி? அதிர்ஷ்டமா? அதிர்ஷ்டம் நாலு வருடம் நிற்குமா? பிடிபடவில்லை. கடைசியில் தனக்குத் தெரிந்த வழிக்கே திரும்பினார்.

சனிக்கிழமை ஒரு பை சுண்ணாம்புத் தூளோடு மலைக்குப் போனார். பதினேழு குழிகளையும் சுற்றி வெள்ளை வட்டம் போட்டார். துறையில் இருந்தபோது போட்டதுபோலவே, பிசிறில்லாமல். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண். மிஞ்சிய தூளைப் பையோடு பதினோராவது வளைவின் சுவரோரம் வைத்தார்.

நிமிர்ந்து பார்த்தார். இனி இந்தச் சாலையில் யாரும் விழ முடியாது.

ஞாயிறு காலை ஏழு பேர் ஏறிவிட்டு, இறங்கும்போது பதினோராவது வளைவில் நின்றார்கள். செங்கொடி வட்டங்களைப் பார்த்தாள்.

“அழகா இருக்கு சார்.”

அவ்வளவுதான் சொன்னாள்.

முதலில் பல்கீஸ் போனாள். பாங்க்கில் வேலை. இரண்டு வருடமாக இந்தச் சாலையில் ஒரு தடவைகூடக் காலை ஊன்றாதவள்.

நான்காம் எண்ணில் விழுந்தாள்.

அடுத்து வந்தவர் ஏழாம் எண்ணில். அவருக்கு அடுத்தவர் அதே ஏழில், அவர்மேலேயே.

நல்லவேளை, மெதுவாக வந்ததால் தூசியோடு போயிற்று. தாமோதரன் ஓடினார்.

“கண் தெரியாதா உங்களுக்கெல்லாம்? இவ்வளவு பெரிதாகப் போட்டு வைத்திருக்கிறேனே!”

“தெரிஞ்சுதான் சார் விழுந்தேன்!” பல்கீஸ் ஹெல்மெட்டைக் கழற்றி மண்ணைத் தட்டினாள். “இத்தனை நாள் அந்தக் குழி அங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. இன்னிக்கு வட்டம் போட்டு, நம்பர் குடுத்து, வா வான்னு கூப்பிட்டுச்சு. போயிட்டேன்.”

“அழைப்பிதழ் அடிச்ச மாதிரியில்ல இருந்துச்சு!” என்றார் ஏழில் விழுந்தவர்.

எல்லோரும் சிரித்தார்கள். தாமோதரன் சிரிக்கவில்லை. நான்காம் வட்டத்தருகே குனிந்து, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குழி முன்பு இருந்த குழிதான். வட்டம்தான் புதிது.

மற்றவர்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கீழே நடந்தார்கள். அவர் மேலே ஏறிப் பதினோராவது வளைவுக்கு வந்தார். செங்கொடி சுவரில் சாய்ந்து நின்றாள்.

“உங்க முறை சார்.”

“நானும் தள்ளிக்கொண்டே வருகிறேன், டீச்சர். மூன்றாவது தடவை விழுந்தால் என் சைக்கிள் இரும்புக் கடைக்குப் போய்விடும்.”

“இன்னிக்குத் தள்ளுவீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை?”

அவர் சுவரில் சாய்த்திருந்த சைக்கிளை நிமிர்த்திப் பிடித்தார்.

செங்கொடி மிஞ்சியிருந்த சுண்ணாம்புப் பையை எடுத்தாள். தன் கேரியரில் வைத்துக் கட்டினாள். சாவியால் பையின் ஒரு மூலையைக் கிழித்தாள். தூள் பொலபொலவென்று ரோட்டில் இறங்கியது.

ஏறி உட்கார்ந்தாள். போய்விட்டாள்.

அவள் போன வழியெல்லாம் ஒரு வெள்ளைக் கோடு. முதல் வட்டத்துக்கு இடப்பக்கம் ஒதுங்கி, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே புகுந்து, ஆற்றுநீர் போல வளைந்து, பன்னிரண்டாவது வளைவில் மறைந்தது.

தாமோதரன் கோட்டைப் பார்த்தார்.

இத்தனை வழி இந்தச் சாலையில் இருந்ததா?

பெடலில் கால் வைத்தார். சைக்கிள் நகர்ந்தது. காற்று சட்டைக்குள் புகுந்தது. கோடு இடப்பக்கம் போனது, அவரும் போனார். வலப்பக்கம் திரும்பியது, அவரும் திரும்பினார். ஒரு வளைவு. இன்னொரு வளைவு. உண்ணிப்பூ வாசம் வந்தது. எங்கோ ஓர் ஆடு கத்தியது. பிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் எப்போது தளர்ந்தன என்று அவருக்குத் தெரியாது.

கல்தூண்களுக்கு நடுவே வந்து நின்றபோது சட்டைப்பையில் போன் அடித்தது.

“விழுந்தீங்களா?” வசந்தகோகிலம்.

“இல்லை.”

“நெஜமாவா?”

“நிஜமாக.”

“அந்த ஒன்பதாம் நம்பர் குழி?”

அவர் வாயைத் திறந்தார். முப்பது வருடத்தில் முதல்முறையாக, ஒரு குழியைப் பற்றிச் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. “அப்புறம் பேசுகிறேன்,” என்று வைத்தார்.

செங்கொடி தூணில் உட்கார்ந்து காலிப்பையை உதறிக்கொண்டிருந்தாள். ஒரு பொட்டுத் தூள் விழவில்லை.

“நல்ல கோடு, டீச்சர்,” என்றார் மூச்சு வாங்க. “கடைசி வரைக்கும் கண்ணை எடுக்கவே இல்லை.”

“பை பன்னெண்டாவது வளைவுலயே தீந்துபோச்சு சார்.”

தாமோதரன் திரும்பி மலையைப் பார்த்தார்.