புள்ளி பிசகாத தாள்

ஓடைக்கரைப்பட்டி அரசு உயர்நிலைப் பள்ளியில் அந்த வருஷம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் பதினொரு பேர். நான்கு பேர்தான் தேறினார்கள். மற்ற ஏழு பேரும் கணக்கில் ஃபெயில்.

விசாரிக்கக் கல்வி அலுவலர் தணிகாசலம் ஜீப்பில் வந்து இறங்கினார். பெற்றோர் முன்னால் தலைமையாசிரியையை நிற்கவைத்து, கையிலிருந்த தாளை ஆட்டினார்.

"முப்பத்தாறு சதவீதம். மாவட்டத்திலேயே கடைசி. அடுத்த மாசத் துணைத்தேர்வில ஏழு பேரும் பாஸாகணும். இல்லன்னா பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லி எழுதிடுவேன்."

பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் வெள்ளைத்தாய், அலுவலருக்கு டீயை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அய்யா, அந்தத் தாள்ல கணக்கு தப்பியிருக்குமோ?"

"தப்பாது. போட்டவர் எங்க ஆபீஸ்ல இருக்கார். புள்ளி பிசகாது."

"அவரு சொல்லிக் குடுத்தா இந்தப் பிள்ளைக தேறுமா?"

"தாராளமா தேறும்."

"அப்ப அவரைத் திருப்பி அனுப்புங்கய்யா. அவருதான் எங்க கணக்கு வாத்தியாரு மரியசூசை. புள்ளிவிவரம் எழுத ஆள் வேணும்னு மூணு வருஷத்துக்கு முன்னால நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்க. பதிலுக்கு இங்க யாரும் வரலை."

அலுவலர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

திங்கட்கிழமை மரியசூசை வந்துவிட்டார். பள்ளியை மூடும் பேச்சும் நின்றது. துணைத்தேர்வு வகுப்புக்குப் பிள்ளைகளை அழைத்துவர வெள்ளைத்தாய் வீடு வீடாகப் போனாள். இரண்டு பேர்தான் வந்தார்கள். மற்ற ஐந்து பேரையும் ரிசல்ட் வந்த வாரமே நூல் மில்லின் வேன் ஏற்றிக்கொண்டு போயிருந்தது.